நம் ஊர்ச் சரக்கு திரும்பி வந்தாலும் சுங்க வரி உண்டு

திருப்பூரில் தைத்த பனியனோ ஆம்பூரில் செய்த காலணியோ கடல் கடந்து போய், ஏதோ காரணத்தால் விலைபோகாமல் திரும்பி வந்தால் அதற்கு வரி கேட்க மாட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம் மண்ணில் செய்த பொருள், நம் ஊர்க்காரருடையது, அதற்கு எதற்கு இறக்குமதி வரி என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 20ஆவது பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான பொருள் திரும்ப இறக்குமதியானால், அதே வகையும் மதிப்பும் உள்ள வெளிநாட்டுப் பொருளுக்கு என்ன வரியோ, என்ன நிபந்தனையோ, என்ன கட்டுப்பாடோ, அத்தனையும் இதற்கும் பொருந்தும் என்பதே அந்தப் பிரிவின் சாரம். பொருள் எங்கே பிறந்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, எல்லையைத் தாண்டி உள்ளே வருகிறதா என்பதைத்தான் பார்க்கிறது. ஆகவே திரும்பி வரும் சரக்குக்கு வரியில்லை என்பது பிறப்புரிமையல்ல. அது ஒரு சலுகை. கேட்டு, ஆதாரம் காட்டி, நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் கிடைக்கும். அந்த ஆதாரங்களில் முக்கியமானவை எல்லாம் சரக்கு வெளியே போகும் நாளிலேயே உருவாகிவிட வேண்டும் என்பதை ஏற்றுமதியாளர்கள் பலர் சரக்கு திரும்பி வந்த பிறகுதான் அறிகிறார்கள்.

சட்டம் இவ்வளவு கறாராக இருப்பது அநியாயம் என்று தோன்றலாம். கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். வரியைச் சரக்கோடு சேர்த்து ஏற்றுமதி செய்யக் கூடாது என்பது நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்ட கொள்கை. அதனால் நம் அரசும் ஏற்றுமதியாகும் பொருள்மீது ஏறியிருந்த வரிகளைப் பல வழிகளில் திருப்பித் தருகிறது. மூலப்பொருளுக்குக் கட்டிய சுங்க வரிக்கு ஈடாக டிராபேக் கிடைக்கிறது. ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி செய்தவருக்கு ரீஃபண்ட் வருகிறது. எல்யூடி என்னும் உறுதிமொழி கொடுத்தவர் அந்த வரியைக் கட்டாமலே அனுப்பலாம். அட்வான்ஸ் ஆதரைசேஷன் வாங்கியவர் மூலப்பொருளையே வரியின்றி இறக்குமதி செய்திருப்பார். இப்படி வரி முழுவதும் கழிந்த பொருள் அப்படியே ஊருக்குள் வந்து கடைவீதியில் விற்பனைக்குப் போனால், ஒழுங்காக வரி கட்டி உள்நாட்டுக்கென்றே தைத்த பக்கத்து யூனிட்காரரின் நிலைமை என்ன? திரும்பி வரும் சரக்கிடம் வரி கேட்பதன் நியாயம் இதுதான். அந்த நியாயத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. அரசு எவ்வளவு திருப்பித் தந்ததோ அவ்வளவைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு மேல் கேட்பதற்கு முகாந்திரம் இல்லை. இந்த எல்லையைப் போட்டுக் கொடுப்பது 20ஆவது பிரிவு அல்ல, அதைத் தளர்த்தும் அறிவிக்கைதான். முன்பு 1996ஆம் ஆண்டின் 94/96 அறிவிக்கை இருந்தது. ஜிஎஸ்டி வந்தபோது 2017 ஜூன் 30 அன்று 45/2017 என்ற எண்ணில் அது புதிதாக வகுக்கப்பட்டது. அறிவிக்கைகளின் எண்கள் மாறும், ஒன்றோடொன்று சேர்க்கவும்படும். சரக்கு வந்து பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று கிளியரிங் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய எண்ணைப் போட்டுத் தாக்கல் செய்து சலுகையைச் சிக்கலாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

அந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம் எளிமையானது. டிராபேக் வாங்கியிருந்தால் அந்தத் தொகையைக் கட்டு. ஐஜிஎஸ்டி ரீஃபண்ட் வாங்கியிருந்தால் அதைக் கட்டு. எல்யூடியில் அனுப்பியிருந்தால் அன்று கட்டாமல் விட்ட ஐஜிஎஸ்டியை இன்று கட்டு. எதையும் வாங்காமல் அனுப்பியிருந்தால் ஒன்றும் கட்ட வேண்டாம். கணக்கில் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும். பத்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள டி-ஷர்ட் தூத்துக்குடி வழியாக ஹாம்பர்க் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாயம் இறங்குகிறது என்று பையர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறார். டிராபேக் 2 விழுக்காடு என்றால் 20,000 ரூபாய், ஐஜிஎஸ்டி ரீஃபண்ட் 5 விழுக்காடு என்றால் 50,000 ரூபாய். சலுகை கிடைத்தால் கட்ட வேண்டியது 70,000. சலுகை மறுக்கப்பட்டால் அதே டி-ஷர்ட் வெளிநாட்டுச் சரக்காகக் கருதப்படும். அடிப்படைச் சுங்க வரி 20 விழுக்காடு என்று கொண்டால் 2,00,000 ரூபாய், அதன்மேல் பத்து விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி 20,000, இவையும் சேர்ந்த மதிப்பில் 5 விழுக்காடு ஐஜிஎஸ்டி 61,000. ஆக 2,81,000. கப்பல் கூலியையும் காப்பீட்டையும் மதிப்பில் சேர்த்தால் இன்னும் ஏறும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இறக்குமதியில் கட்டும் ஐஜிஎஸ்டியை ஜிஎஸ்டி பதிவுள்ளவர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். எனவே அது கையைவிட்டுப் போகும் பணமல்ல, கொஞ்ச காலம் முடங்கும் பணம். அதை இரண்டு பக்கமும் கழித்துவிட்டால் சலுகையோடு உண்மையான செலவு 20,000, சலுகை இல்லாமல் 2,20,000. பதினொரு மடங்கு. பையர் சரக்கை மறுத்ததால் ஏற்கெனவே நஷ்டப்பட்டிருக்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் யூனிட்டை நடத்துவதா மூடுவதா என்ற கேள்வியாகவே மாறிவிடலாம்.

இந்தப் பதினொரு மடங்கு எதைப் பொறுத்தது? போன சரக்குதான் திரும்பி வந்திருக்கிறது என்று சுங்கத்துறையின் உதவி ஆணையரோ துணை ஆணையரோ திருப்தி அடைய வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. திருப்தி என்பது அதிகாரியின் மனம் போன போக்கில் விடப்பட்ட சொல் அல்ல, காகிதத்தின்மேல் வர வேண்டியது. ஏற்றுமதி ஷிப்பிங் பில்லில் ‘ரெடிமேட் கார்மென்ட்ஸ்’ என்று பொதுவாக எழுதி, அளவு, நிறம், ஸ்டைல் எண் எதுவும் குறிப்பிடாமல் அனுப்பியவர், திரும்பி வந்த பெட்டியில் இருப்பது அதே ஆடைதான் என்று எதை வைத்துக் காட்டுவார்? அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்ட அடையாளமும் எண்ணும் ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் மூன்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பம்ப், மோட்டார், வால்வு போன்ற இயந்திரப் பொருளானால் ஒவ்வொன்றின் வரிசை எண்ணும் இன்வாய்ஸிலேயே ஏறியிருக்க வேண்டும். பையர் சரக்கை மறுத்த மின்னஞ்சல், அங்கே நடந்த சோதனையின் அறிக்கை, திரும்பி வரும் பில் ஆஃப் லேடிங் ஆகியவை இவற்றோடு சேரும். கோயம்புத்தூர் பம்ப் தொழிலில் வரிசை எண் பழக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆடை, தோல், கைவினைப் பொருள்களில் அது குறைவு. லேபிளைப் பையரே வெட்டி எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பும்போது அடையாளம் காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே ஏற்றுமதிக்கு முன் பேக்கிங் நடக்கும்போதே பெட்டி எண் தெரியும்படி படம் எடுத்து வைப்பது மிகை எச்சரிக்கை அல்ல.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் இணையத்தில் சில்லறையாக வெளிநாட்டுக்கு விற்பவர்கள். கூரியர் வழியாக அனுப்புவதில் இரண்டு வழிகள் உண்டு. அன்பளிப்புக்கும் மாதிரிக்கும் சிஎஸ்பி-4, வணிக ஏற்றுமதிக்குச் சிஎஸ்பி-5. செலவும் காகிதமும் குறைவு என்பதால் விற்பனைச் சரக்கையே அன்பளிப்பு என்று எழுதி அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது, சில ஏஜென்டுகளே அப்படிச் சொல்லிக் கொடுக்கவும் செய்கிறார்கள். வாடிக்கையாளர் புடவையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. நீங்கள் அனுப்பியதாகக் காகிதம் சொல்வது ஒரு அன்பளிப்பு. உங்கள் கையில் இருப்பது விற்பனை இன்வாய்ஸ். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சலுகை போவது மட்டுமல்ல, ஏற்றுமதியின்போது தவறான விவரம் கொடுத்தீர்களா என்ற கேள்வியும் எழும். வருகிற சரக்கின் விவரத்தையும் மாற்றி எழுதித் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தவறான விவரம் தந்த சரக்கைப் பறிமுதல் செய்ய 111ஆவது பிரிவும், அபராதம் விதிக்க 112ஆவது பிரிவும் இருக்கின்றன. வேண்டுமென்றே மறைத்ததாகச் சொல்லப்பட்டால், குறைவாகக் கட்டிய வரியைக் கேட்டு ஐந்து ஆண்டுகள் வரை நோட்டீஸ் அனுப்ப 28ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

அடுத்தது காலம். பொதுவான விதி, ஏற்றுமதியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் சரக்கு திரும்ப வேண்டும் என்பது. தகுந்த காரணம் காட்டினால் ஆணையர் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். அட்வான்ஸ் ஆதரைசேஷன், இயந்திர இறக்குமதிக்கான இபிசிஜி போன்ற திட்டங்களின் கீழ் போன சரக்குக்கு ஓராண்டுதான், நீட்டிப்பு இன்னோர் ஆண்டு. இந்த மூன்றாண்டு நம் அரசு தன் இஷ்டத்துக்குக் கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் திரும்பும் சரக்குக்கான சலுகைக்கு அதே மூன்றாண்டுதான் பொது அளவு. 2024 ஜூலை பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் வாரன்டியின் கீழ் பழுதுபார்க்கத் திரும்ப இறக்குமதியாகும் பொருளுக்கான வரம்பை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்துவதாக அறிவித்தார். இன்னொரு வரம்பும் இருக்கிறது, அது காலத்தைப் பற்றியதல்ல. வெளிநாட்டில் உருக்கி, மறுவார்ப்புச் செய்து, அல்லது மறுசுழற்சி செய்து வரும் பொருள், போன பொருளே ஆகாது. பித்தளைக் குத்துவிளக்கு ஜாடியாக மாறி வந்தால் அது புதிய இறக்குமதி. 100 விழுக்காடு ஏற்றுமதி யூனிட்டுகளும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களும் அனுப்பிய சரக்குக்கு இந்தச் சலுகை பொருந்தாது, அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு.

பழுது பார்ப்பதற்காக இங்கிருந்து வெளியே அனுப்பி வாங்கும் இயந்திரம் தனிக் கதை. அதற்கு வரி இயந்திரத்தின் முழு மதிப்பின்மீது அல்ல. பழுது பார்த்த கூலி, போட்ட பாகங்களின் விலை, போக வரக் கப்பல் கூலி, காப்பீடு ஆகியவற்றின்மீது மட்டும். ஆனால் உண்மையில் பணம் கொடுத்தீர்களா இல்லையா என்பது பொருட்டல்ல என்று அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது. வாரன்டியில் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்தாலும் அதற்கு ஒரு நியாயமான மதிப்பு போட்டு வரி கேட்பார்கள். இலவச வேலைக்கு ஏன் வரி என்று வாதாடி நேரத்தைக் கடத்துவதைவிட, வெளிநாட்டு நிறுவனத்திடம் பழுது பார்த்ததன் மதிப்பை எழுதி ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் மதிப்பை அதிகாரி போடுவார். இந்தச் செலவின்மீது ஐஜிஎஸ்டியும் உண்டா என்பதில் இன்டிகோ விமானங்களை இயக்கும் இன்டர்குளோப் ஏவியேஷன் நிறுவனம் நீண்ட வழக்கு நடத்தியது. தீர்ப்பாயம் இல்லை என்றது. 2021 ஜூலையில் அரசு அறிவிக்கையைத் திருத்தி, உண்டு என்றது. பழுது பார்ப்பது சேவை, சேவை இறக்குமதியாக ஏற்கெனவே வரி கட்டிய ஒன்றுக்குச் சரக்கு என்ற பெயரில் மீண்டும் கேட்க முடியாது என்ற நிறுவனத்தின் வாதத்தைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. பெரிய நிறுவனத்தின் வழக்கு என்றாலும் தறியின் ஒரு பாகத்தை ஜெர்மனிக்கு அனுப்பிச் சரிசெய்யும் சிறு நெசவாலைக்கும் அதே கேள்விதான். எதிர்த்திசையில், நம் பம்ப் வெளிநாட்டில் பழுதாகி இங்கே சரிசெய்து மீண்டும் அனுப்பப்பட வேண்டியிருந்தால், அதற்கென்று 1995 முதல் வேறு ஏற்பாடு உண்டு. பத்திரம் எழுதிக் கொடுத்து வரியின்றி எடுத்து, குறித்த மாதங்களுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்த நாள் தவறினால் விட்ட வரியைக் கட்டியாக வேண்டும்.

கண்காட்சிக்குப் போய் விற்காமல் வரும் சரக்கில் மட்டும் அரசே முன்வந்து குழப்பத்தைத் தீர்த்து வைத்தது. கண்காட்சிக்கோ விற்றால் பணம் என்ற ஏற்பாட்டிலோ வெளிநாட்டுக்கு அனுப்புவது விற்பனை அல்ல, டெலிவரி சலான் போதும், ஆறு மாதத்துக்குள் விற்கப்பட வேண்டும் அல்லது திரும்ப வேண்டும் என்று 2019 ஜூலையில் ஜிஎஸ்டி சுற்றறிக்கை சொன்னது. அதையொட்டி அதே மாதம் சுங்கச் சுற்றறிக்கையும் வந்தது. அப்படிப் போன சரக்குக்கு ரீஃபண்ட் எதுவும் வாங்கப்படாததால் திரும்பும்போது வரி இல்லை என்பது அதன் பொருள். அடிக்கடி கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் ஃபிக்கி வழங்கும் ஏடிஏ கார்னே என்ற ஆவணத்தையும் பயன்படுத்தலாம், போகும் நாட்டிலும் வரி கட்டாமல் பொருளை உள்ளே எடுத்துச் செல்ல அது உதவும். சுவாமிமலைச் சிற்பிகளுக்கு இதில் ஒரு கூடுதல் வேலை. சிலை தொன்மையானதல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். படத்தோடு வரும் அந்தச் சான்றிதழே சிலை திரும்பும்போது நல்ல அடையாளச் சான்றாகிவிடும். தனி மனிதர்களுக்கும் இதே தர்க்கம்தான். அதிக நகையோ விலை உயர்ந்த கேமராவோ எடுத்துக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் புறப்படும் நாளில் விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது ‘இது இங்கேயே வாங்கியது’ என்று வாய்ப்பேச்சில் நிரூபிப்பது கடினம். ஐந்து பவுன் சங்கிலிக்காகத் திருமண ஆல்பத்தை அலசும் நிலை யாருக்கும் வேண்டாம்.

சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு நேரம் காசாகிறது. பையர்களில் சிலர் முன்னறிவிப்பு இல்லாமலே கண்டெய்னரை ஏற்றிவிடுகிறார்கள். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. தவறினால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். இதற்குமேல் கண்டெய்னர் வாடகையும் டெமரேஜும் ஏறும். எனவே பையரோடு போடும் ஒப்பந்தத்திலேயே, எங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் சரக்கைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. 20ஆவது பிரிவில் இருக்கும் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லும் இங்கேதான் கடிக்கும். உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும், தாவரப் பொருளானால் தாவர நோய்த்தடுப்புச் சோதனை. உள்நாட்டில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமான பொருளை ஏற்றுமதிக்கென்றே முத்திரை இல்லாமல் செய்திருந்தால், வரிச் சலுகை இருந்தும் உள்ளே விற்க முடியாத நிலை வரலாம். சரக்கின் மதிப்பைவிடச் செலவு கூடுதலாகிவிட்டது என்றால், உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு விடுவிக்கும் உத்தரவு வருவதற்கு முன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட 23ஆவது பிரிவு வழி செய்கிறது. அப்போது வரி கட்ட வேண்டியதில்லை. கசப்பான முடிவுதான். ஆனால் மாதக்கணக்கில் டெமரேஜ் கட்டிவிட்டு அதே முடிவுக்கு வருவது இன்னும் மோசம்.

சலுகை மறுக்கப்பட்டால் என்ன செய்வது? முதலில், அடையாளத்தில் சந்தேகம் என்று அதிகாரி சொன்னால் 18ஆவது பிரிவின் கீழ் தற்காலிக மதிப்பீடு கேட்கலாம். பத்திரமும் பிணையும் கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொண்டு, விசாரணையைப் பின்னால் நடத்தலாம். இரண்டாவது, உங்கள் மதிப்பீட்டை ஏற்காமல் அதிகாரி வரியை மாற்றினால், எழுத்தில் நீங்கள் ஒத்துக்கொள்ளாதவரை, 15 நாளுக்குள் காரணம் சொல்லும் உத்தரவு தர அவர் 17ஆவது பிரிவின்படி கடமைப்பட்டவர். அந்த உத்தரவைக் கேட்டு வாங்காமல் வரியைக் கட்டிவிட்டு, பிறகு ரீஃபண்ட் கேட்கலாம் என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. 2019 செப்டம்பரில் ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்துவிட்டது. மதிப்பீட்டை மேல்முறையீட்டிலோ திருத்தத்திலோ மாற்றாமல் நேராக ரீஃபண்ட் கேட்க முடியாது. மேல்முறையீட்டுக்கு 60 நாள், காரணம் காட்டினால் மேலும் 30 நாள். ஆணையர் மேல்முறையீட்டுக்கு, சர்ச்சைக்குரிய வரியில் 7.5 விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும். அதன்பின் சுங்கத் தீர்ப்பாயம், அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஷிப்பிங் பில்லிலோ பில் ஆஃப் என்ட்ரியிலோ தவறு இருந்தால், அந்த நாளில் ஏற்கெனவே இருந்த ஆவணத்தைக் காட்டி 149ஆவது பிரிவில் திருத்தம் கேட்கலாம்.

இவ்வளவு காகிதம் சிறு தொழில்காரருக்கு எப்படிச் சாத்தியம், இது பெரிய நிறுவனங்களுக்கான சட்டம்தானே என்று கேட்டால், அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. டிராபேக் எவ்வளவு கொடுத்தோம், ஐஜிஎஸ்டி எவ்வளவு திருப்பினோம் என்பதெல்லாம் சுங்கத்துறையின் கணினியிலேயே இருக்கிறது. ஷிப்பிங் பில் எண்ணைப் போட்டால் அந்தத் தொகை தானே வந்து நிற்கும்படி செய்யலாம். ஏற்றுமதியாளரிடமே வங்கிச் சான்று கேட்டு, பழைய ஆணையரகத்துக்குக் கடிதம் எழுதி, பதில் வரும்வரை கண்டெய்னரை நிறுத்தி வைப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. மீதிப் பாதி நியாயமல்ல. போன சரக்குதான் வந்தது என்பதைக் காட்டும் பெட்டி எண்ணும் வரிசை எண்ணும் அரசின் கணினியில் இல்லை, அவற்றை எழுதக்கூடியவர் அனுப்பியவர் ஒருவரே.

வரியைக் கட்டிச் சரக்கை எடுத்த பிறகும் வங்கிப் பக்கம் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஏற்றுமதிப் பணம் வரவில்லை என்று ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் அந்த ஷிப்பிங் பில் நிலுவையில் நிற்கும். ஆர்ஓடிடிஇபி, ஆர்ஓஎஸ்சிடிஎல் என்னும் ஏற்றுமதி வரித்தள்ளுபடித் திட்டங்களில் வந்த வரவும் பணம் வந்தால்தான் நிலைக்கும், வரவில்லை என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். திரும்பிய சரக்கின் பில் ஆஃப் என்ட்ரி நகலை வங்கியில் கொடுத்து அந்த நிலுவையை முடிக்கச் சொல்லி, முடித்ததற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கியிருந்து அதைப் பையருக்குத் திருப்பி அனுப்புவதானாலும் வங்கி முதலில் கேட்கப்போவது இதே நகலைத்தான்.